அனெக்ஸ் வாடகைக்குக் குடுக்கிறீங்களா? "எந்த ஊர்?" எண்டு கேக்காம ஆள் எடுக்கிறது எப்படி

வெள்ளவத்தையில காலி வீதிக்குக் கடல்பக்கமா எங்கட வீடு. மேல ரெண்டு அறை, ஒரு குசினி, ஒரு பாத்ரூம், வெளிப்படி தனியா இருக்கு. அப்பா போனதுக்குப் பிறகு அந்த அனெக்ஸ் வாடகைதான் அம்மாவின்ர மருந்துச் செலவு, ஆள் பாக்கிற வேலை என்ர தலையில. போன மாசம் மச்சாள் ஒருத்தி, தெஹிவளையில தன்ர மேல்மாடியைக் குடுக்கப்போறா, "நல்ல ஆக்களா எப்பிடியடி பிடிக்கிறாய்" எண்டு கேட்டா. வொய்ஸ் மெசேஜில சொல்லத் தொடங்கி பதினைஞ்சு நிமிசம் போட்டுது, அதைத்தான் இதில எழுதுறன்.

முதல்ல நான் முந்திச் செய்த வழியைச் சொல்லுறன், ஏனெண்டால் நிறையப் பேர் இப்பவும் அதைத்தான் செய்யினம், செய்யிறது தெரியாமலே. போன் வரும். ரெண்டு வசனம் கதைக்க முதலே காது ஆள் ஆரெண்டு சொல்லிப்போடும். "இருக்கினம்" எண்டால் யாழ்ப்பாணம், "இருக்காங்க" எண்டால் மலையகம் இல்லாட்டி கொழும்பிலயே வளர்ந்த ஆக்கள், "ஈக்கி" எண்டால் முஸ்லிம், நேர "மிஸ்" எண்டு தொடங்கினா சிங்களம். அப்பிடியும் விளங்காட்டி சும்மா கதைக்கிற மாதிரி "எந்த ஊர் நீங்கள்?" எண்டு கேப்பன். யாழ்ப்பாணம் எண்டு சொன்னால் அடுத்தது "யாழ்ப்பாணத்தில எவடம்?" இது எதுக்கெண்டு எங்கட ஆக்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை, ஊரும் குறிச்சியும் தெரிஞ்சால் மிச்சம் தெரியும், சாதி எண்ட சொல் வாயால வராது, ஆனா கேட்டு முடிஞ்சுது.

2016இல மலையகத்து ஹட்டன் பக்கத்துப் பிள்ளை ஒண்டு போன் எடுத்தது, பம்பலப்பிட்டியில பார்மசி ஒண்டில வேலை, தானும் தங்கச்சியும்தான். "பேப்பர்ல போட்டிருந்தீங்க, வீடு இன்னும் இருக்குங்களா?" எண்டு நல்ல மரியாதையாக் கேட்டது. அம்மா பக்கத்தில இருந்து கையால வேண்டாம் எண்டு காட்டினா. நான் "குடுத்தாச்சு தங்கச்சி" எண்டு வைச்சிட்டன். அடுத்த ஞாயிறு திரும்ப விளம்பரம் போட்டம், அதே பிள்ளை திரும்ப எடுத்திட்டுது. குரலிலயே எனக்கு விளங்கிட்டுது, அதுக்கும் விளங்கிட்டுது. "போன வாரம் குடுத்தாச்சுன்னு சொன்னீங்களே?" அவ்வளவுதான் கேட்டது. நான் லைன் கட்டான மாதிரி வைச்சன்.

இதில கேவலம் என்னெண்டால் எனக்கு இதே சாமான் நடந்திருக்கு. 2011இல கலியாணம் முடிச்சு நுகேகொடையில வீடு தேடேக்க ஒரு அம்மா போனில தேன் மாதிரிக் கதைச்சவ, எனக்குச் சிங்களம் நல்லா வரும், கடைசியா "நம மொகத்த?" எண்டு கேட்டா, பேரைச் சொன்னன், உடன தன்ர மகன் ஆருக்கோ குடுத்திட்டாராம். அடுத்த கிழமை அதே வீடு அதே பேப்பரில. நான் அதைப் பத்து வருசமா எல்லா விருந்திலயும் சொல்லித் திரிஞ்சன். ஹட்டன் பிள்ளையின்ர கதையை ஒருத்தருக்கும் சொல்லேல்ல.

சரி, வேலைக்கு வருவம். நான் கண்டுபிடிச்சது ஒண்டே ஒண்டுதான்: மனசைச் சுத்தமாக்கிப்போட்டு வீடு குடுக்க வெளிக்கிட்டால் வீடு பூட்டித்தான் கிடக்கும். மனசு ஆறுதலாத் திருந்தட்டும், முதல்ல போன் வரேக்க எழுதுற கொப்பியைத் திருத்துங்கோ. எல்லாருக்கும் ஒரே கேள்வி, ஒரே ஒழுங்கு, ஆளைப் பாக்க முதலே எழுதி வைச்ச நிபந்தனை.

கொப்பியில முதல் பக்கத்தில உங்கட பயங்களை எழுதுங்கோ. உண்மையான பயங்களை. நான் எழுதினது: வாடகை தராம விடுவினம், எழும்பச் சொன்னா எழும்பமாட்டினம், வீட்டை உடைப்பினம், ரெண்டு பேர் எண்டு சொல்லிப்போட்டு எட்டுப் பேர் இருப்பினம், அம்மாவை நித்திரை கொள்ள விடமாட்டினம். எழுதி முடிச்சிட்டு ஒவ்வொண்டுக்கும் நேர, இதை எது தடுக்கும் எண்டு எழுதுங்கோ. ஒண்டுக்காவது "ஆள் எங்கட ஆளா இருந்தா" எண்டு விடை வருமோ பாருங்கோ. எனக்கு வரேல்ல, ஏனெண்டால் எங்களுக்கு மூண்டு மாச வாடகையை விழுங்கினது அப்பாவின்ர சொந்தக்காரப் பெடியன், அதுவும் சொந்தம் எண்டதால வாய் திறந்து கேக்கவும் ஏலாமப் போச்சு.

எழும்பமாட்டினம் எண்ட பயம் கொழும்பில சும்மா வந்த பயம் இல்லை. 1972ஆம் ஆண்டு 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் இருக்கிற ஆளுக்குத்தான் பெரிய பாதுகாப்புக் குடுத்தது, அந்தக் காலத்தில குடுத்த வீடுகளில பேரப்பிள்ளையள் வரைக்கும் பழைய வாடகையில இருந்த கதை கொட்டாஞ்சேனையில எத்தினையோ. பிறகு வந்த திருத்தங்களால நிறைய வீடுகள் அதுக்கு வெளியால வந்திட்டுது, ஆனா பயம் மட்டும் அப்பிடியே பெற்றார் வழியா வந்து எங்களிட்ட நிக்குது. அதுக்கு மருந்து அக்ரிமெண்ட். வருசக் கணக்குக்குக் குடுக்கிறதெண்டால் பத்திரம் எழுதுற நொத்தாரிஸிட்டப் போங்கோ, ஒரு மாசத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிஸ் முன்னால எழுதாட்டிச் செல்லாது எண்டு 1840ஆம் ஆண்டு மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்திலயே இருக்கு, வெள்ளைக்காரன் போட்டது, இப்பவும் நடைமுறையில இருக்கு. குத்தகை முடிஞ்சும் எழும்பாத ஆக்களிட்ட இருந்து இடத்தைச் சுருக்கமான வழக்கில திருப்பி எடுக்கிறதுக்கெண்டே 2023ஆம் ஆண்டு 1ஆம் இலக்கச் சட்டமும் வந்திருக்கு, அக்ரிமெண்ட் எழுதேக்க அது உங்களுக்குப் பொருந்திற மாதிரி எழுதச் சொல்லி நொத்தாரிஸிட்டக் கேளுங்கோ. நொத்தாரிஸ் காசு கூட எண்டு அழுற ஆக்கள்தான் புரோக்கருக்கு ஒரு மாச வாடகையைச் சத்தமில்லாமக் குடுக்கிறது.

அடுத்தது விளம்பரம். எங்கட பழைய விளம்பரம் "சிறிய சைவக் குடும்பத்துக்கு மட்டும், யாழ்ப்பாணத்தவர் விரும்பத்தக்கது". அதில வீட்டைப் பற்றி ஒண்டுமே இல்லை, வாற ஆளைப் பற்றித்தான் முழுக்க. இப்ப நான் போடுறது இது: "வெள்ளவத்தை, கடல்பக்கம். மேல்மாடி அனெக்ஸ், 2 அறை. 18 படி ஏறவேணும், லிப்ட் இல்லை. ரயில் சத்தம் காலமையே தொடங்கும். மாசம் 75,000, அட்வான்ஸ் 3 மாசம், ஒரு வருச அக்ரிமெண்ட். கரண்ட் மீட்டர் வேற, தண்ணி பில்லில பாதி. 4 பேருக்கு மேல ஏலாது. மோட்டர்சைக்கிள் ஒண்டு விடலாம், கார் ஏலாது." ரயில் சத்தம் ஏலாத ஆள், படி ஏற ஏலாத ஆள் தானாவே எடுக்கமாட்டினம், உங்களுக்கும் அரைவாசி போன் மிச்சம். ஏ.சி.க் கம்பிரசரைக் கடல் உப்பு தின்னும் எண்டதையும் போடலாம், நான் போடுறேல்ல, அவ்வளவு நேர்மை என்னட்ட இல்லை.

அந்த அட்வான்ஸ் விசயத்தில கொஞ்சம் நிக்கவேணும். முந்தி நாங்கள் ஆறு மாசம் கேட்டம், 75,000 எண்டால் நாலரை லட்சம். ரோட்டில எல்லாரும் கேக்கினம் எண்டு நாங்களும் கேட்டம். ரெண்டு பிள்ளையள் பார்மசிச் சம்பளத்தில நாலரை லட்சத்தை ஒண்டாக் கொண்டுவரேலுமே? ஊர் கேக்காமலே, சாதி கேக்காமலே, தோட்டத்துப் பிள்ளையை வெளியில நிப்பாட்டுறதுக்கு அந்த ஒரு நம்பரே காணும். வீட்டை உடைச்சால் எவ்வளவு செலவு வரும் எண்டு கணக்குப் போட்டுப் பாத்தன், பெயின்ற், பைப், ஒரு கதவு, மூண்டு மாசக் காசே மிஞ்சும். அதால மூண்டு.

பாஷையும் அப்பிடித்தான். தமிழில மட்டும் போட்டால் அதுவும் ஒரு வாசல்காரன். இப்ப மூண்டு பாஷையிலயும் போடுறன், சிங்களத்தை ஒபிசில கூட வேலை செய்யிற பிள்ளை திருத்தித் தந்தவ. அம்மா "சிங்களத்தில எதுக்கு" எண்டு கேட்டா. அவவுக்கு அதில ஒரு நியாயம் இருக்கு, அதைக் கடைசியாச் சொல்லுறன்.

போன் வரேக்க கொப்பியில நேரத்தை எழுதுங்கோ, 7.42 எண்டால் 7.42. பிறகு அஞ்சு கேள்வி: எப்ப வரப்போறீங்கள், எத்தினை பேர், எவ்வளவு காலம், வாடகை எப்பிடி எந்தத் திகதியில கட்டுவீங்கள், என்ன வாகனம். இந்த ஒழுங்கிலதான், எல்லாரிட்டயும், குரல் பிடிச்சாலும் பிடிக்காட்டியும். பேரைக் கடைசியாக் கேளுங்கோ, வீடு பாக்க நேரம் குடுத்த பிறகு. நேரம் குடுத்த பிறகு பேர் கேட்டு "ஐயோ, மகன் குடுத்திட்டாராம்" எண்டு சொல்ல வாய் வராது, அதுக்குத்தான் இந்த ஒழுங்கு. அவையளே "அன்ரி நாங்கள் சாவகச்சேரி" எண்டு சொன்னால் சந்தோசமாக் கேளுங்கோ, ரெண்டு கதை கதையுங்கோ, ஆனா கொப்பியில எழுதாதேங்கோ.

"எந்த ஊர்" எண்டு கேக்கிறதில என்ன பிழை, மனிசர் கதைக்கிறதே அப்பிடித்தானே எண்டு மச்சாள் சண்டைக்கு வந்தா. உண்மைதான், பஸ்ஸில பக்கத்தில இருக்கிற ஆளிட்டக் கேட்டால் அது பழக்கம். திறப்பைக் கையில வைச்சுக்கொண்டு கேட்டால் அது வேற. அவவுக்கு நான் 2007ஐ ஞாபகப்படுத்தினன். சண்டைக் காலத்தில கொழும்புத் தமிழருக்குப் பொலிஸ் பதிவு எண்டால் என்னெண்டு தெரியும்: எந்த ஊர், எதுக்கு வந்தனீங்கள், எவ்வளவு நாள் நிப்பீங்கள். 2007 ஜூன் 7ஆம் திகதி விடிய லொட்ஜுகளில இருந்த 376 தமிழரைப் பஸ்ஸில ஏத்தி வவுனியாவுக்கும் கிழக்குப் பக்கமும் அனுப்பினது, வெள்ளவத்தையில இருந்தும் ஏத்தினது. அடுத்த நாளே உயர் நீதிமன்றம் அதை நிப்பாட்டச் சொல்லி இடைக்காலத் தடை போட்டது. அண்டைக்கு எங்கட அனெக்ஸில இருந்த முல்லைத்தீவுப் பெடியன் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு கதிரையிலயே இருந்தவன், ஆரும் வந்தா உடன வெளிக்கிட. பொலிஸ் கேட்ட அதே மூண்டு கேள்வியையும் ஒன்பது வருசம் கழிச்சு நான் போனில கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறன், குரல் மட்டும் கொஞ்சம் மெதுவா. மச்சாள் அதுக்குப் பிறகு ஒண்டும் சொல்லேல்ல, கதையை மாத்தினா.

சட்டம் என்ன சொல்லுது எண்டும் கேட்டா, ஏனெண்டால் அவ எதுக்கும் சட்டம் கேப்பா. 1978 அரசியலமைப்பின்ர 12ஆம் உறுப்புரையில இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் அபிப்பிராயம், பிறந்த இடம் இதுகளைக் காட்டிப் பாரபட்சம் காட்டக்கூடாது எண்டு இருக்கு. பிறந்த இடம். எங்கட "எந்த ஊர்" யாப்பிலயே எழுதிக் கிடக்கு பாத்தீங்களா. ஆனா அடிப்படை உரிமை வழக்கு அரசாங்கத்தின்ர நிர்வாக நடவடிக்கைக்கு எதிராத்தான் போடலாம், உயர் நீதிமன்றத்தில, ஒரு மாசத்துக்குள்ள. வெள்ளவத்தையில வீடு வைச்சிருக்கிற ஒரு அன்ரியை அதில இழுக்கேலாது. 1957இல சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் எண்டு சாதிக்கு எதிராக் கொண்டுவந்தது, அது கோயில், கடை, பள்ளிக்கூடம் மாதிரி பொது இடங்களுக்குத்தான். ஆக நீங்கள் போனில ஊர் கேட்டால் உங்களை ஒருத்தரும் வந்து பிடிக்கமாட்டினம். அரச கந்தோரில உங்களுக்கு இது நடந்தால் 1996 எண்ட நம்பருக்கு எடுத்து மனித உரிமைகள் ஆணைக்குழுவிட்டச் சொல்லலாம், ஆனா இது வாடகை பற்றின கதை, அங்க போகேல்ல.

கட்டுவினமோ எண்டு பாக்கிறதுக்கும் ஒரே அளவுகோல் வேணும். நாங்கள் முந்தி "அரசாங்க உத்தியோகமோ, பாங்கோ" எண்டு கேப்பம். இப்ப எல்லாரிட்டயும் ஆறு மாச பாங்க் ஸ்டேட்மென்ற், இல்லாட்டி பாஸ்புக். சம்பளச் சீட்டு மட்டும்தான் எண்டால் ஓட்டோ ஓடுறவர், கடை வைச்சிருக்கிறவர், கனடாவில இருந்து மகன் காசு அனுப்புற அம்மா எல்லாரும் வெளியில. பிறகு ஐசி, அடையாள அட்டை. அக்ரிமெண்ட் எழுதுற அண்டைக்குத்தான் ஐசி கேளுங்கோ, அதில விலாசத்தில எஸ்டேட் பேர் இருக்கும், அதை முதல் நாளே பாத்தால் கண் அங்கதான் போய் நிக்கும்.

நிபந்தனை எல்லாத்துக்கும் சரிவந்த ஆக்களில கொப்பியில ஆர் முதல் எடுத்தவையோ அவைக்கு முதல் வாய்ப்பு. வந்து பாத்த நேரத்தில இருந்து ஒரு நாள் பொறுப்பன், பாதி அட்வான்ஸ் போட்டால் வீடு அவைக்கு. இந்த "பாத்தாப் பிறகு யோசிச்சுச் சொல்லுறன்" எண்ட சாமான்தான் எல்லாப் பாரபட்சத்துக்கும் பாய் விரிக்கிறது, அந்த யோசிக்கிற ரெண்டு நாளில அம்மா யோசிப்பா, பக்கத்து வீடு யோசிக்கும், வட்ஸப் குரூப் யோசிக்கும்.

சாப்பாடு ஒரு சிக்கல். எங்கட வீட்டில அம்மா மீன், இறைச்சி எண்டு மச்சம் ஒண்டும் தொடமாட்டா. ஆனா மேல குசினி வேற, அப்ப மேல ஆர் என்ன சமைச்சால் எனக்கென்ன. "சைவம் மட்டும்" எண்டு நாங்கள் போட்டது மணத்துக்காக இல்லை, அந்தச் சொல்லுக்குப் பின்னால ஆக்களை மறைச்சு வைச்சிருந்தம், முஸ்லிம் வேண்டாம், வேதக்காரர் வேண்டாம், இன்ன ஆக்கள் வேண்டாம். உங்கட வீட்டில உண்மையா ஒரே குசினியெண்டால் அப்ப "இந்தக் குசினியில மச்சம் சமைக்கேலாது" எண்டு குசினியைப் பற்றிப் போடுங்கோ, அது எல்லாருக்கும் ஒண்டுதானே, மீன் தின்னுற எங்கட ஆக்களுக்கும் சேத்து. தனிப் பெட்டையள், டிவோஸ் எடுத்தவை எண்டு தள்ளுறதும் அதே சாமான்தான், நீட்ட ஒண்டும் இல்லை, எத்தினை பேர் எண்டு மட்டும் கேளுங்கோ.

அக்கம்பக்கம். மதிலுக்கு அங்கால இருக்கிற அன்ரி ஒவ்வொரு முறையும் கேப்பா, "பிள்ளை, மேல ஆராம் வருகினம்?" நான் "ரெண்டு பேர் அன்ரி, வாற ஒண்டாம் திகதி" எண்டுவன். அவ திருப்பிக் கேப்பா. நான் திருப்பியும் அதையே சொல்லுவன். ரெண்டு பேருக்கும் இப்ப அது ஒரு விளையாட்டு. இதே அன்ரி 2023இல தலைமன்னாரில இருந்து மாத்தளைக்கு மலையக ஆக்கள் நடந்த நடைபயணத்தின்ர படங்களை பேஸ்புக்கில வரிசையாப் போட்டவ, 200 வருச வலி எண்டு எழுதி, நானும் லைக் போட்டனான். 1948இல அவையளின்ர பிரஜாவுரிமையைப் பறிச்சதைப் பற்றிக் கதைக்க எங்களுக்கு நல்லா வரும்.

விளையாட்டாப் போகாத காலமும் இருந்தது. 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டு வெடிக்கேக்க எங்கட மேல ஒரு முஸ்லிம் சோடி, வந்து நாலு மாசம். அந்தக் கிழமை ரோட்டில மூண்டு பேர் வந்து, நல்ல எண்ணத்தில எண்டுதான் சொன்னவை, "அவையை எழுப்பி விடுங்கோ பிள்ளை, உங்களுக்கும் பிரச்சினை" எண்டு. அக்ரிமெண்டை எடுத்துக் காட்டினன், இன்னும் எட்டு மாசம் கிடக்கு எண்டு. நெஞ்சில துணிவு வந்து செய்யேல்ல, சொல்லுறதுக்கு வேற ஒண்டும் கையில இல்லை, அந்தப் பேப்பர்தான் கிடந்தது. பொலிஸ் வீடு வீடா வரேக்க அதின்ர போட்டோக்கொப்பியைக் குடுத்தன். அந்த மாசக் கடைசியில முகம் மூடுற உடுப்புக்குத் தடை வந்தது, அந்தப் பிள்ளை முகம் மூடினதே இல்லை, அபாயாதான், அப்பிடியிருந்தும் ஒரு கடையில உள்ள விடேல்ல எண்டு படியில நிண்டு அழுதது. அப்ப கூட நான் தண்ணி குடுத்தனே தவிர கூடப் போய் கடைக்காரனிட்டக் கேக்கேல்ல. இன மத வேறுபாடு காட்டிக் கடையில, ஹோட்டலில தடை போடக்கூடாது எண்டு அதே 12ஆம் உறுப்புரையின்ர 3ஆம் பிரிவில இருக்கு எண்டது எனக்குப் பிறகுதான் தெரிஞ்சது. தெரிஞ்சிருந்தாலும் போயிருப்பனோ தெரியாது.

கடைசி விசயம், இல்லை சொல்லுறது. பொய் சொல்லாதேங்கோ, இது மட்டும் என்னட்ட இருந்து ஒரு கட்டளையா எடுங்கோ, பொய் சொன்னால் அடுத்த ஞாயிறு பேப்பர் காட்டிக் குடுக்கும். வீடு கிடைக்காத எல்லாருக்கும் நான் ஒரு மெசேஜ் அனுப்புவன்: "உங்களுக்கு முன்னம் எடுத்த ஒருத்தர் அட்வான்ஸ் போட்டிட்டார். நீங்கள் 3ஆவது. அவை வராட்டி உங்களுக்கு எடுக்கிறன்." நிபந்தனை சரிவராட்டி எது சரிவரேல்ல எண்டும் எழுதுவன், அஞ்சு பேர் எண்டதால ஏலாது, இப்பிடி. ஆக்கள் கோவிக்கிறது குறைவு. ஒருத்தர் மட்டும் அந்த அஞ்சாவது ஆள் கைக்குழந்தை எண்டு சண்டை பிடிச்சு வென்றவர், அதுக்குப் பிறகு கொப்பியில "ரெண்டு வயசுக்குக் கீழ கணக்கில்லை" எண்டு எழுதினன்.

போன வருசம் 1ஆம் நம்பரா எடுத்தது ஒரு சிங்களவர், மாத்தறைப் பக்கம், மனிசியும் அவரும், அஞ்சு கேள்விக்கும் சரியான விடை, ஸ்டேட்மென்ற் சரி, படி ஏறி வந்து பாத்தார், பிடிச்சிட்டுது. கீழ வந்து தேத்தண்ணி குடிக்கேக்க தானாவே சொன்னார், முந்தி ஆமியில இருந்தவராம், இப்ப செக்குரிட்டி வேலை. அம்மா கப்பை மேசையில வைச்சிட்டு உள்ள போயிட்டா. அம்மாவின்ர தம்பியை 1990இல ஆமி ரவுண்டப்பில பிடிச்சுக்கொண்டு போனதோட சரி, இண்டு வரைக்கும் ஒரு துண்டும் இல்லை. என்ர கொப்பியில இதுக்குப் பெட்டி இல்லை. இந்த மனிசனுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, 90இல அவர் சின்னப் பெடியனா இருந்திருப்பார். ஆனா கீழ இருக்கிறது அம்மா, ராவில மேல காலடிச் சத்தம் கேக்கிறது அம்மாவுக்கு.

அவரிட்ட உண்மையைச் சொன்னன், மாமாவின்ர கதையை, சிங்களத்தில, இடையில சொல் வராம ரெண்டு தரம் நிண்டு. அவர் "தேருனா மிஸ்" எண்டார், விளங்கிட்டுது எண்டு, கப்பைக் கொண்டுபோய் சிங்கில வைச்சார், போனார். அந்தப் பக்கத்தில 1ஆம் நம்பர் வெட்டிக் கிடக்கு, காரணம் எண்ட இடத்தில ஒண்டும் எழுதேல்ல. 2ஆம் நம்பர் வத்தளையில இருந்து வந்த ரெண்டு அக்கா தங்கச்சி, இப்ப அவையள்தான் மேல இருக்கினம்.